போனைப் பிடுங்குவது வைத்தியம் இல்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கல்லூரியில் ஒரு மாணவியின் போனைப் பிடுங்கி ஆசிரியர் வாளித் தண்ணீரில் போட்டதற்கு இத்தனை கைதட்டலா? "இப்படித்தான் செய்யணும் சார்" என்று எழுதியவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

போனைப் பிடுங்குவது வைத்தியம் இல்லை. பிள்ளைகள் எதற்குப் பயந்து அதற்குள் போய் ஒளிகிறார்கள் என்று ஒருவராவது கேட்டீர்களா?

என் அக்கா மகள் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். இன்ஜினியரிங் சேர்ந்த முதல் செமஸ்டரில், ஹாஸ்டலில் விடிய விடிய ரீல்ஸ் பார்த்தாள். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது சொன்னாள்: "கிளாஸ்ல நடத்துறது ஒண்ணும் புரியல சித்தி. புக்கைத் திறந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. போனை எடுத்தா நின்னுடுது." போனை வைத்ததும் படிக்காமல் விட்டது நினைவுக்கு வரும், பயம் இன்னும் பெரிதாகும். அப்புறம் மறுபடியும் போன். அரியர் விழுந்தபோது வீட்டில் எல்லோரும் போனைத்தான் திட்டினார்கள். அந்தப் பயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

"எங்க காலத்துல நாங்களும் பயந்தோம், இப்படியா கெட்டுப்போனோம்?" என்பீர்கள். உங்கள் பையில் இப்படி ஒரு பொருள் இல்லை. இரை எப்போது விழும் என்று தெரியாவிட்டால்தான் பிராணி இரை தரும் பொத்தானை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து அன்றே காட்டிவிட்டார். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமோ என்று விரல் தள்ளிக்கொண்டே போவதும் அதே கணக்குதான். மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்தினோம் என்று பேஸ்புக்கின் முதல் தலைவர் ஷான் பார்க்கரே 2017-இல் சொன்னார். அவர்களை விட்டுவிட்டு, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒழுக்கம் இல்லை என்கிறீர்கள்.

கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும். வகுப்பில் வாங்கி வையுங்கள், மாலையில் திருப்பிக் கொடுங்கள். ஆனால் போனைப் பிடுங்குவது வைத்தியம் இல்லை. பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் போன், இன்டர்நெட் மோகத்துக்கென்றே 2014-இல் தனி கிளினிக் தொடங்கினார்கள். அங்கே வாளி வைத்தா வைத்தியம் பார்க்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். அசைன்மென்ட், இன்டர்னல் மார்க், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எல்லாம் இவர்களுக்கு எதில் வருகிறது? வாட்ஸ்அப் குரூப்பில். அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு. பார்க்காவிட்டால் மறுநாள் எல்லோர் முன்னாலும் திட்டு. எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்ற பதற்றத்தை முதலில் ஊட்டியது யார்? அந்தக் கல்லூரிக்காரர்கள் முதலில் அந்த குரூப்பை மூடட்டும்.