இணையம் இல்லாதவரிடம் இணையத்தில் தேடச் சொல்வதா?

பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் திரை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்யும். வைஃபை மட்டும் சில நேரம் எழவே எழாது. வைஃபை சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர், அதாவது சில்லை இயக்கும் மென்பொருள், தயாரிப்பாளரின் மூடிய கோப்பு. அதைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கோ அந்தக் கோப்பு வேண்டும்! மெல்லிய மடிக்கணினி என்றால் ஈத்தர்நெட் கேபிள் செருகும் இடமும் கிடையாது.

உதவி கேட்டால் உடனே வரும் பதில், "டெர்மினலைத் திறந்து, கட்டளை தட்டி, இந்த மென்பொருள் பொதியை நிறுவுங்கள்." ஐயா, அந்தக் கட்டளையும் பொதியை இணையத்திலிருந்துதானே இழுக்கும்? கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் சொன்னால் என்ன?

டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குபவர்களைப் பாராட்ட வேண்டும். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய ஃபர்ம்வேரை நிறுவும் மென்பொருளிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் பகிர்வதற்குத் தயாரிப்பாளர் அனுமதி தராத கோப்புகள் இன்றும் வெளியேதான் நிற்கின்றன.

இத்தனைக்கும் எளிய வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே உண்டு. பிறகு வேண்டிய பொதியை இறக்கிக்கொள்ளலாம். "வைஃபை அடாப்டர் இல்லை" என்று கைவிரிக்கும் அமைப்புத் திரை, அதற்குக் கீழே இந்த ஒரு வரியைச் சொல்லக்கூடாதா? அந்தத் திரையைப் பார்த்துக் கணினியே பழுது என்று நம்பி, புதியவர்கள் லினக்ஸை விட்டே போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.