வாடகையை மட்டும் பார்த்தால் போதாது

சென்னையின் ஐடி நிறுவனங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் வேலைக்கு வருபவர்கள் தாம்பரம் பக்கம் வீடு பார்க்கலாம், வாடகை குறைவு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 வெள்ளத்தில் மூழ்கியதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

தரைத்தள வீடு என்றால் முதலில் காம்பவுண்டு சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள்; வெள்ளக் கறையை மறைத்திருக்கலாம். சாலை போடப்போட உயர்ந்து வாசல் பள்ளமாகியிருக்கும். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி சாலை மட்டத்துக்குக் கீழே இருந்தால், மழையில் சாக்கடைத் தண்ணீர் நேராகக் குடிதண்ணீரில் கலக்கும். மழைக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதில் வீட்டுக்காரரைவிடத் தெருமுனைக் கடைக்காரர் உண்மை சொல்வார். குழாய் முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்புத் தண்ணீர். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவு யார் தலையில் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கரண்ட்டுக்கு மின்வாரியத்தின் தனி இணைப்பா, வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து வைத்துத் தரும் சப்-மீட்டரா? தனி இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டரில் வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட்.

2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். புரோக்கர் பகலில்தான் கூட்டிப் போவார்.