இராக் போரை ஒரு நிபுணர்கூட எதிர்க்கவில்லையா?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு செய்தி சுற்றுகிறது: “2003இல் இராக் போர் வேண்டாம் என்று ஒரு நிபுணர்கூடச் சொல்லவில்லை. படித்தவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் அமெரிக்கா குழியில் விழுந்தது.”

இது தவறு. 2002 செப்டம்பர் 26 அன்று பன்னாட்டு உறவுத் துறை அறிஞர்கள் 33 பேர் நியூயார்க் டைம்ஸில் விளம்பரமே கொடுத்தார்கள், இந்தப் போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்று. கென்னத் வால்ட்ஸ், ஜான் மியர்ஷைமர் போன்ற பெரிய பெயர்கள் அதில் உண்டு. அதற்கு முந்தைய மாதமே, அப்போதைய அதிபர் புஷ்ஷின் தந்தையான முன்னாள் அதிபர் மூத்த புஷ்ஷின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரென்ட் ஸ்கோகிராஃப்ட், சதாமைத் தாக்காதீர்கள் என்று பத்திரிகையில் எழுதினார். சொந்தக் கட்சிக்காரர் சொல்லியும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வேதனை.

சரி, நிபுணர்கள் பக்கம் தவறே இல்லையா? இருக்கிறது. இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்ன உளவுத்துறை மதிப்பீடு பொய்த்தது. போரை ஆதரித்த ஆய்வாளர்களும் இருந்தார்கள். அவர்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முடிவெடுத்தவர் அதிபர் புஷ். 2002 அக்டோபரில் செனட் சபை 77க்கு 23 என்று அதற்கு அனுமதி தந்தது.

பழைய செய்தியை மற்ற குழுக்களுக்கு அனுப்பியவர்கள், தயவுசெய்து இதையும் அங்கே அனுப்புங்கள்.