பிரசவத்தோடு ரத்த அழுத்தம் போய்விடுமா?

"பிள்ளை பிறந்ததும் கர்ப்பகால ரத்த அழுத்தம் தானாக இறங்கிவிடும், அதன்பின் மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் கெட்டுவிடும்" என்றொரு செய்தி திருநெல்வேலி வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நஞ்சுக்கொடி வெளியேறிய பின் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அழுத்தம் சீராகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன், பிரசவமான மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை, அதாவது தாய் வீடு திரும்பிப் பேறுகால லேகியம் உண்ணத் தொடங்கும் அதே நாட்களில், அது மேலும் ஏறக்கூடும். கர்ப்பத்தில் அழுத்தமே இல்லாதிருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை, வலிப்பில் முடியக்கூடிய ப்ரீஎக்லாம்ப்சியா என்னும் உயர் ரத்த அழுத்த நோய் வரலாம்.

இதன் அறிகுறிகளான விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றை, "பச்சை உடம்பு, தலையில் நீர் கோத்திருக்கிறது" என்று தைலம் தேய்த்துக் கடத்துவதுதான், அந்தச் செய்தியைவிடப் பழைய ஆபத்து. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160/110 என்றால் 108-ஐ அழைக்க வேண்டிய அவசரநிலை. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு.

லேபெட்டலால், நிஃபெடிபின், எனலாப்ரில் ஆகிய ரத்த அழுத்த மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், பாலூட்டும் தாய்மாருக்கும் மருத்துவர்கள் அவற்றைத் தருகிறார்கள்.