சிரிப்புப் பாட்டு என்று ஒதுக்காதீர்கள்

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான ஹாஃப் மேன் ஹாஃப் பிஸ்கட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அந்த வேடிக்கைப் பாட்டுக்காரர்களா?" என்று நண்பர்கள் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. 1985இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான 'பேக் இன் த டிஎச்எஸ்எஸ்', பிரதமர் மார்கரெட் தாட்சர் காலத்து இங்கிலாந்தைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே மிக நேர்மையான பதிவு.

மெர்சி ஆற்றுக்கு ஒரு கரையில் லிவர்பூல், மறுகரையில் இவர்களின் ஊரான பர்க்கன்ஹெட், கப்பல் கட்டும் ஊர். அன்றைக்கு பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு உதவித்தொகை சம்பந்தமான காரியங்களைப் பார்த்த அரசுத் துறையின் சுருக்கப் பெயர்தான் டிஎச்எஸ்எஸ். அக்கரை லிவர்பூலின் பீட்டில்ஸ் குழு சோவியத் நாட்டைப் பற்றிப் பாடிய 'பேக் இன் த யுஎஸ்எஸ்ஆர்' பாடலின் தலைப்பைப் பிடித்து இழுத்து, அந்த அலுவலக வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

பாடல்களை எழுதும் நைஜல் பிளாக்வெல் முழக்கம் எதுவும் எழுப்புவதில்லை. ஸ்னூக்கர் நடுவர், பழைய தொலைக்காட்சி நடிகை, நகைச்சுவை நடிகர் என்று பெயர்களாக வந்து விழுகின்றன. பொருளற்ற பெயர் அடுக்கு என்கிறார்கள். வேலைக்குப் போக வழியில்லாதவன் பகலெல்லாம் தொலைக்காட்சியில் வேறு யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்?

எனக்குப் பிடித்தது ஃபிரெட் டிட்மஸ் பாடல். டிட்மஸ் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் ஆஃப் ஸ்பின்னர், 53 டெஸ்ட்களில் 153 விக்கெட். இந்தியாவின் பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர்கள் மெய்டனாக வீசிய 1964 மெட்ராஸ் டெஸ்ட்டில் எதிரணியில் ஆடியவர். பாடலில் ஒருவன் கடையில் பத்து பென்ஸ் தள்ளுபடிக்குத் துணி அலசும் திரவம் தேடுகிறான், எதிரே டிட்மஸ்! உடனே கெட்ட வார்த்தையோடு ஒரு கூச்சல். எல்லோரும் கூச்சலுக்குச் சிரிக்கிறார்கள். நான் அந்தப் பத்து பென்ஸில் நின்றுவிடுகிறேன். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவன் வேறு எங்கும் சொல்லவே இல்லை.

1994இல் ப்ளர் என்ற இன்னொரு ஆங்கிலேய இசைக்குழுவின் 'பார்க்லைஃப்' ஆல்பம் இதே அன்றாட வாழ்க்கையைப் பாடி உலகப் புகழ் பெற்றது. இசை அருமைதான். ஆனாலும் அதில் சாதாரண மனிதர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்க்கப்படுகிறார்கள். பிளாக்வெல் அந்தக் கடைக்குள்ளேயே நிற்கிறார்.

புகழ் வந்தபோதும் அவர் இடம் மாறவில்லை. சேனல் 4 தொலைக்காட்சியின் 'தி டியூப்' இசை நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. அன்று தங்கள் ஊர் டிரான்மியர் ரோவர்ஸின் கால்பந்து ஆட்டம் இருந்ததால் மறுத்துவிட்டார்கள். ஹெலிகாப்டர் அனுப்புகிறோம் என்றபோதும் போகவில்லை. இதைக் கிறுக்குத்தனம் என்று எழுதுகிறவர்கள் அந்த ஆல்பத்தை ஒழுங்காகக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.