ஒரே பீரை ஒன்பதாவது முறையாகக் காய்ச்சுகிறேன்

வீட்டில் பீர் காய்ச்சுகிறேன் என்று தெரிந்த நண்பர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "இந்தத் தடவை என்ன புதுசு?" புதிதாக ஒன்றுமில்லை, போன தடவை காய்ச்சியதைத்தான் மறுபடி காய்ச்சியிருக்கிறேன் என்பேன். அதற்கு முந்தைய தடவையும் அதுதான். முகம் தொங்கிப்போகும். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் ஈட்டுக்கு ஒரு புதுமை காட்டியே தீரவேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காபிக்கொட்டை போட்ட கறுப்பு பீர், ஆரஞ்சுத் தோல் போட்ட கோதுமை பீர், மிளகாய் பீர்... நானும் இரண்டு வருடம் அப்படித்தான் அலைந்தேன். அது தப்பான வழி என்று இப்போது நினைக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு ஈடு, ஒரே ஒரு ஈடு, பிரமாதமாக வந்தது. சாதாரண வெளிர் நிற ஏல்தான், மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை. குடித்தவர்கள் எல்லோரும் இன்னொரு பாட்டில் கேட்டார்கள். சரி, அதையே மறுபடி காய்ச்சலாம் என்று உட்கார்ந்தேன். நோட்டுப் புத்தகத்தில் அளவெல்லாம் எழுதி வைத்திருந்தேன். 4 கிலோ வெளிர் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. கசப்புக்குக் கொதியின் தொடக்கத்தில் 30 கிராம் ஹாப்ஸ் பூ (காஸ்கேட் என்ற ரகம்), வாசனைக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் இன்னொரு 30 கிராம். உலர்ந்த ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட். நொதிகலனுக்குள் போனது 20 லிட்டர். தண்ணீரை 1.000 என்று வைத்துக்கொண்டால் தொடக்க அடர்த்தி 1.043, சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடித்த பிறகு 1.010, அதாவது ஆல்கஹால் சுமார் 4.3 சதவீதம். இதைவிட எளிய பட்டியல் கிடையாது. எடுத்து வைத்து, அப்படியே செய்தேன். வந்தது வேறு ஏதோ ஒரு பீர்.

கெட்டுப்போகவில்லை. ஆனால் கனமாக, கொஞ்சம் தித்திப்பாக, குடித்து முடித்த பிறகும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.016க்குக் கீழே இறங்கவே இல்லை. ஈஸ்ட்டைத் திட்டினேன், மால்ட்டைத் திட்டினேன். குற்றவாளி என் வெப்பமானி. பொடித்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் அதை முக்கிப் பார்த்தால் பூஜ்யம் காட்டவேண்டும். அது பூஜ்யத்துக்கு மூன்று டிகிரி கீழே காட்டியது. (கொதிநீரில் வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. உயரமான இடத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் என்பதால் ஐஸ்தான் நம்பகமானது.) அப்படியென்றால், நான் 66 டிகிரி என்று நம்பி மால்ட்டை ஊறவைத்த தண்ணீர் உண்மையில் 69 டிகிரியில் இருந்திருக்கிறது.

மூன்று டிகிரிக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். மால்ட்டில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் முக்கியமாக இரண்டு. பீட்டா அமைலேஸ் 60லிருந்து 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக வேலை செய்யும், ஈஸ்ட் விரும்பித் தின்னும் சர்க்கரையை வெட்டித் தரும். அதற்கு மேல் சூடு ஏறினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது கண்ட இடத்தில் வெட்டுவதால், ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளும் மிஞ்சும். அந்த மிச்சம்தான் பீரின் கனம். மால்ட் ஊறும் அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை எங்கே நிற்கிறதோ, அதைப் பொறுத்து ஒரே மால்ட்டிலிருந்து இரண்டு வேறு பீர் வரும். இது எனக்கு ஏட்டில் தெரியும். கையில் தெரிந்தது அன்றைக்குத்தான். அந்த இரண்டு வருடமும் அதே வெப்பமானியைத்தான் நம்பியிருந்தேன். அந்த நல்ல ஈட்டுக்குப் பிறகு எப்போதோ அது பிசகியிருக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பீர் காய்ச்சியதால் அதன் பொய் வெளிப்படவே இல்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால், எது நல்லதுக்குக் காரணம், எது கெட்டதுக்குக் காரணம் என்று எப்படித் தெரியும்? ஆரஞ்சுத் தோல் வாசனைக்குப் பின்னால் எத்தனை தவறு வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும்.

வெப்பமானியை மாற்றினேன். மூன்றாவது ஈட்டில் அடர்த்தி சரியாக 1.010க்கு இறங்கியது. ஆனால் தொண்டையில் சுரீரென்று ஒரு எரிச்சல், கூடவே நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை. காரணம் நொதித்தல் நடந்த சூடு. அறை 22 டிகிரிதான் என்று நிம்மதியாக இருந்தேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது தானும் சூடு கிளப்பும், முதல் இரண்டு மூன்று நாளில் கலனுக்குள் அறையைவிட நாலைந்து டிகிரி ஏறிவிடும் என்பதை மறந்துவிட்டேன். இப்போது கலனை ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஈரத்துணி சுற்றி, உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுகிறேன். 19 டிகிரியில் நிற்கிறது. பளபளக்கும் எஃகுப் பாத்திரத்தை வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். புதியவர்கள் எதில் காசு போடலாம் என்று கேட்டால் என் பதில் சூட்டைக் கட்டுப்படுத்துவதில் என்பதுதான். மற்றதெல்லாம் அலங்காரம்.

நான்காவதில் அவசரப்பட்டேன். ஆறாம் நாளே குமிழி நின்றுவிட்டது என்று பாட்டிலில் அடைத்தேன். திறந்தால் வெண்ணெய் வாசனை. டயசெட்டில் என்று பெயர். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் மெல்ல டயசெட்டிலாக மாறும். பொறுத்திருந்தால் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப எடுத்துத் தின்று தீர்த்துவிடும். நான் பொறுக்கவில்லை. நல்லவேளை, வெண்ணெயோடு போயிற்று. சர்க்கரை தீராமல் அடைத்திருந்தால் கதையே வேறு. 1.010க்கு இறங்கவேண்டியதை 1.014இல் அடைத்தால், லிட்டருக்கு எட்டு கிராமுக்குக் குறையாத சர்க்கரை உள்ளே மிச்சம். அதன் மேல் நுரைக்காக நாமே ஆறேழு கிராம் போடுகிறோம். கண்ணாடி எவ்வளவு தாங்கும்? வெடிக்கும் பாட்டில் வேடிக்கையான விஷயமில்லை, கண் போய்விடும். குமிழியை நம்பாதீர்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டினால்தான் அடைக்கவேண்டும்.

ஐந்தாவது பரவாயில்லை. ஆறாவது புளித்தது. நொதிகலனின் பிளாஸ்டிக் குழாயை நான் ஒருமுறைகூடக் கழற்றிக் கழுவியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கழற்றியதும் உள்ளே கண்டதை இங்கே எழுதினால் இந்தப் பக்கமே நாறும். கிருமிநாசினி அழுக்கின் மேல் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவவேண்டும், கிருமிநாசினி அதற்குப் பிறகுதான். பீர் காய்ச்சுவது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்த நாளில் முக்கால்வாசி பாத்திரம் தேய்ப்பதுதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். பெரிய ஆலைகளின் லேகர் பீரை (குளிரில் மெல்ல நொதிக்கும் வகை) நான் கண்டபடி இகழ்ந்தவன். சத்தில்லாதது, எங்கே வாங்கினாலும் ஒரே சுவை என்று. இப்போது அந்த "ஒரே சுவை" என்பதைக் கேட்டால் கை கூப்பத் தோன்றுகிறது. ஒவ்வொரு வருடமும் பார்லி மாறுகிறது, ஹாப்ஸின் கசப்பு அறுவடைக்கு அறுவடை மாறுகிறது. பாட்டில் மட்டும் மாறுவதில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, அது சாதனைதான். அந்த மெல்லிய லேகரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, சின்னப் பிசகும் நாக்கில் தெரிந்துவிடும்.

ஆலைகளும் அதைச் சும்மா அடைந்துவிடவில்லை. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பீர் அவ்வப்போது கெட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஆய்வகத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஈஸ்ட்டில் வேண்டாத காட்டு ஈஸ்ட்டும் கலந்திருப்பதுதான் காரணம் என்று கண்டு, ஒரே ஒரு உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டைப் பெருக்கினார். இது 1883இல். அந்த ஈஸ்ட்டை ஆலை மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகவே கொடுத்தது. நாம் இன்று பாக்கெட்டைப் பிரித்துத் தூவுகிற ஈஸ்ட் அந்த வேலையின் தொடர்ச்சி. அமிலத்தன்மையை அளக்கும் பிஹெச் அளவுகோலும் அதே ஆய்வகத்தில் 1909இல் சோரன்சன் கொண்டுவந்ததுதான். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டின் பிரச்சினை வேறு. கையில் இருக்கும் மாதிரிகள் நாலைந்துதான், அவற்றை வைத்து எவ்வளவு உறுதியாக முடிவு சொல்லலாம்? ஆலை தன் ஆட்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை விரும்பவில்லை. அதனால் 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதினார். புள்ளியியல் படித்தவர்கள் தேர்வுக்கு உருப்போட்ட ஸ்டூடன்ட் டி சோதனை அவருடையதுதான். ஆக, ஒரே பீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சவேண்டிய தொல்லையிலிருந்து இவ்வளவும் வந்திருக்கிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவதும் எட்டாவதும் எனக்கு ஒன்றுபோலத் தோன்றின. என் நாக்கை நானே நம்பத் தயாரில்லை. மூன்று கோப்பை சோதனை வைத்தேன். இரண்டில் ஒரே ஈடு, ஒன்றில் மற்றது. எது வேறு என்று கண்டுபிடிக்கவேண்டும். ஊற்றுகிறவர் ஒருவர், குடிக்கிறவர் வேறு. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக அமையும். மூன்று நண்பர்கள், ஆளுக்கு மூன்று சுற்று. ஒன்பதில் நான்குதான் சரியாகச் சொன்னார்கள். கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று அவர்கள் வருத்தப்பட, எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஒன்பதை வைத்துப் பெரிதாக முடிவு கட்டாதே என்று கோசெட் முறைப்பார். முறைக்கட்டும்.

இவ்வளவு சொன்னவன், ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் செய்யும் சைடருக்கு மட்டும் நேர்மாறாகப் பேசப்போகிறேன். சைடரில் இந்தப் பிடிவாதம் செல்லாது. பீரில் இனிப்பு நீரை நாம் உருவாக்குகிறோம், சைடரில் அதை மரம் உருவாக்கிவிட்டது. இந்த வருட ஆப்பிளின் புளிப்பு போன வருடத்துடையது அல்ல. சைடருக்கென்றே உள்ள ஆப்பிள் ரகங்களில் டாபினெட் என்றால் துவர்ப்பு தூக்கும், கிங்ஸ்டன் பிளாக் என்றால் துவர்ப்போடு புளிப்பும் சேரும், கடித்துத் தின்னும் ஆப்பிளின் சாறு மட்டும் என்றால் சப்பென்று புளித்து நிற்கும். நம் வேலை சாறு பிழிவது, ஈஸ்ட் போடுவது, கையைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது. கொதிக்கவைக்கும் வேலையே இல்லை. அதனால் புதியவர்கள் சைடரில் தொடங்கலாம் என்பது என் கட்சி. நொதித்தல் என்றால் என்ன என்று அது அடுப்புச் சண்டையில்லாமல் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் கடைச் சாறு வாங்கினால் லேபிளைப் படியுங்கள். என் முதல் சைடர் பத்து நாள் அசையாமல் கிடந்தது. பொட்டாசியம் சார்பேட் கலந்த சாறு; ஈஸ்ட் பெருகக்கூடாது என்றே போடுவது அது. ஈஸ்ட்டைக் குற்றம் சொல்லி இன்னொரு பாக்கெட்டையும் அதில் கொட்டிய மகான் நான். இன்னொன்று, முடிந்த சைடர் இனிக்காது. ஆப்பிளின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும், அடர்த்தி 1.000க்கும் கீழே போகும். கெட்டுவிட்டது என்று சாக்கடையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். கெடவில்லை, அதன் சுபாவமே அதுதான். நடுவில் அழுகிய முட்டை வாடை வந்தாலும் பதறவேண்டாம். ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் சத்து குறைவு, ஈஸ்ட் பசியில் முனகுகிறது. ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடி கொஞ்சம் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வழக்கமான கேள்விகளுக்குச் சுருக்கமாக. காசு மிச்சமாகுமா? ஆகாது, சாமான் வாங்கும் புத்தி விடாது. மெத்தனால் பயம்? பீரிலும் சைடரிலும் ஆபத்தான அளவுக்கு அது வராது. காய்ச்சி வடித்துச் சாராயம் எடுப்பது வேறு சமாச்சாரம், பெரும்பாலான நாடுகளில் குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள். சட்டம்? பிரிட்டனில் வீட்டில் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்று ஆனதே 1963இல்தான். அமெரிக்காவில் அதிபர் கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட பிறகுதான் வீட்டு பீருக்கு வழி பிறந்தது. இன்றும் அனுமதி இல்லாத இடங்கள் உண்டு. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் வாங்குங்கள்.

ஒன்பதாவது ஈடு இப்போது தொட்டித் தண்ணீரில் நிற்கிறது, இன்று நான்காம் நாள். அதே மால்ட், அதே காஸ்கேட், அதே ஈஸ்ட். மால்ட் ஊறிய சூடு மட்டும் 66க்குப் பதில் 64. நேற்று வீட்டுக்கு வந்த நண்பன் வழக்கம்போல "என்ன புதுசு?" என்றான். "ரெண்டு டிகிரி" என்றேன். அதெல்லாம் நாக்குக்குத் தெரியுமா என்று சிரித்தான். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன், மூன்று கோப்பையும் தயாராக இருக்கும்.