"அவரே கேட்டார், செய்தேன்"

தன்பால் ஈர்ப்பை மாற்றித் தருவதாகக் காசு வாங்கும் ஆலோசகர்களைக் கேள்வி கேட்டால் முதலில் வரும் சமாதானம் இதுதான்: "வந்தவரே மாற்றிவிடச் சொன்னார்." எனக்கு எரிச்சலே இதில்தான். இல்லாத மருந்தை நோயாளி கேட்டார் என்பதற்காக விற்றுவிடலாமா?

1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் 1980-ல் வந்த அந்தச் சங்கத்தின் மனநோய்க் கையேட்டில் ஒரு சந்து விட்டுவைத்தார்கள். தன் ஈர்ப்பு தனக்கே பிடிக்காமல் தவித்தால் அது மட்டும் கோளாறாம். சுற்றியிருப்பவர்கள் எல்லாம் அருவருக்கும் ஒன்றை ஒருவர் தனக்குள்ளும் வெறுப்பதில் என்ன அதிசயம்? 1987-ல் அதையும் நீக்கினார்கள்.

1973 மாற்றத்தில் முன்னின்ற மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரே 2003-ல் 'சிலர் மாறியிருக்கிறார்கள்' என்று ஆய்வு வெளியிட்டார். ஆதாரம்? தொலைபேசியில் அவர்களே சொன்னதுதான். மாறிவிட்டேன் என்று நம்ப ஆசைப்படுபவர் வேறென்ன சொல்வார்! 2012-ல் ஸ்பிட்சர் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, ஒருவர் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி "என்னை எப்படியாவது மாத்திடுங்க" என்கிறார். என்ன செய்வது? முடியாது என்று கதவைச் சாத்துவதும் தவறுதான். "மாறாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும். அப்பா சாப்பிட மாட்டார், தங்கைக்கு வரன் அமையாது, கடவுள் கைவிட்டுவிடுவார் என்று ஒவ்வொன்றாக வரும். வேலை செய்ய வேண்டியது அந்தப் பயத்தோடுதான்.

எதிர்ப்பக்க அவசரமும் உண்டு. இரண்டாவது சந்திப்பிலேயே "நீங்கள் தன்பால் ஈர்ப்பாளர், தைரியமாக வீட்டில் சொல்லுங்கள்" என்று முத்திரை குத்துகிறவர்கள். வீட்டைவிட்டுத் துரத்தினால் அவர் எங்கே படுப்பார் என்று யோசித்தார்களா? எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, சொல்லவே வேண்டுமா என்பதெல்லாம் வந்தவர் முடிவு. தெரியவில்லை என்று சில வருடம் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

ஃபீஸ் கட்டுவது பெற்றோர் என்றாலும் இதேதான். வயது வந்த மகன் உள்ளே பேசியதை அவர்களிடம் ஒப்பிக்கக்கூடாது. இதை முதல் நாளே, எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆலோசகர் தேடுகிறவர்களுக்கு: முதல் போனிலேயே "இதை மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். "முடியும், ஆனால் நீங்கள் ஒத்துழைக்கணும்" என்று பதில் வந்தால் வைத்துவிடுங்கள். நாளைக்கு மாறாதபோது பழியை உங்கள் தலையில் போட இன்றே இடம் பிடிக்கிறார்.